கலங்கல் இல்லாத சூப்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது கலங்கலுக்கும் தெளிவுக்கும் இடையே நடந்துவரும் ஓயாத போர். ஆறுகள், அரசாங்கங்கள், மனித மனங்கள் எல்லாமே பிறக்கும்போது தெளிவாகப் பிறந்து, போகப்போகக் கலங்குகின்றன. அவற்றை மறுபடி தெளியவைப்பதற்கென்றே தலைமுறைக்கு ஒருவரோ இருவரோ அனுப்பிவைக்கப்படுகிறார்கள். இந்தக் கருத்தைச் சொன்னவர் அந்த நேரத்தில் மனைவியின் பூப்போட்ட ஏப்ரனை வயிற்றுக்கு மேல் கட்டிக்கொண்டு, ஒரு கோழியின் கழுத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி. அவளால் பதில் சொல்ல முடியாது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அவர் குடிநீர் வாரியத்தில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குத் தண்ணி ஆபீசர் என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பெயரை வேறு மாதிரி புரிந்துகொண்டு, சாயங்காலமானால் அவர் எதிரில் வராமல் ஒதுங்கிப் போவார்கள். பிறகு ஒருநாள் அவரோடு பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு, அப்படிப்பட்டவராகவே இருந்திருந்தால் தேவலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாரியத்தில் அவர் வேலை எளிமையானது. அதை எளிமையானது என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஊருக்குப் போகிற தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பாஸ் என்றோ ஃபெயில் என்றோ சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க இதையே செய்ததில் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. எந்த வீட்டில் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். மாமனார் வீட்டில் முதல்முதலாகக் கொடுத்த எலுமிச்சை ஜூஸையும் அப்படித்தான் தூக்கினார். மாப்பிள்ளை ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்து மாமனாரும் தன் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அந்த ஜூஸ் ஃபெயில்.

மனைவி தொலைபேசி நிலையத்தின் விசாரணைப் பிரிவில் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். வீட்டில் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், திரைச்சீலையைத் துவைக்கலாமென்று ஸ்டூல் போட்டு ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள், முகவாய் ஜன்னல் கட்டையில் போய் இடித்தது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தாடை டாக்டர், சின்னப் பெண், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டாள். ஆறு வாரம் திறக்கக் கூடாது.

“எல்லாமே ஸ்ட்ராவுலதான் சார் போகணும்” என்றாள் டாக்டர். “சூப்பு, கஞ்சி, எதுவா இருந்தாலும் நல்லா வேகவெச்சு, மைய அரைச்சு, கெட்டியா, வடிகட்டிக் கொடுங்க. திப்பி எதுவும் போய்க் கம்பியில சிக்கிக்கக் கூடாது. வாரா வாரம் வந்து எடை பாக்கணும். ஐம்பதுக்குக் கீழ போச்சுன்னா வேற வழியில்ல, ஆஸ்பத்திரியில படுக்கவெச்சு மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் ஊட்டணும்.”

குழாய் என்ற வார்த்தை வந்ததும் மனைவியின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவருடைய அம்மா கடைசி மாதங்களை அந்தக் குழாயோடுதான் கழித்தார். வேளாவேளைக்கு அதில் ஊற்றியவள் இவள். ஊற்றுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்கள் அதில் உண்டு. அந்த வயதான கண்கள் தன்னைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்க்கும் விதத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போனை எடுத்து, ‘குழாய் மட்டும் வேண்டாம்’ என்று தட்டி அவரிடம் நீட்டினாள்.

“போட விட்டுடுவேனா?” என்றார் அவர். “நான் எதுக்கு இருக்கேன்?”

இந்தக் கேள்வியை அவள் சில வருடங்களாகவே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்ன இத்தனை வார்த்தைகளில், வேகவைப்பதும் அரைப்பதும் கெட்டியும் அவருக்கு அந்நிய பாஷை. வடிகட்டுவது தாய்மொழி. வீடு வந்து சேருவதற்குள் மற்ற மூன்றும் உதிர்ந்துபோய் அது ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருந்தது.

பால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. டாக்டர் எழுதிக்கொடுத்த புரதப் பொடியின் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, மருந்துக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார். “என் சர்வீஸ் பூரா இந்த மாதிரி சமாச்சாரத்தையெல்லாம் தண்ணியிலேர்ந்து வெளியேத்தியிருக்கேன். இப்ப நானே உள்ள போடுவேனா?” ஆகவே சூப் ஒன்றுதான் வழி. அவர் போனில் சமையல் வீடியோக்கள் பார்த்தார். எலும்பையும் காயையும் மெல்லிய தீயில் மணிக்கணக்கில் சிணுங்கவிட்டு எடுக்கும் சாற்றுக்கு ஸ்டாக் என்று பெயர், நல்ல சூப்புக்கு அதுதான் அஸ்திவாரம், அதை அந்தந்தப் பருவத்தில் விளைகிற காயில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் சொன்னார். சொன்னவர் குரலில் அதிகாரம் இருந்தது. தண்ணி ஆபீசர் இன்னொரு அதிகாரியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

மறுநாள் காய்கறிக் கடையில் போய் நின்று, “இந்தப் பருவத்துக்கு உரிய காய் எதும்மா?” என்று கேட்டார்.

காய்கறிக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வழக்கமாக வருகிற அம்மா எங்கே என்று கேட்க நினைத்து, அவர் முகத்திலிருந்த கடமையைப் பார்த்து விட்டுவிட்டாள். “எது கொட்டிக் கெடக்குதோ அதுக்குத்தான் சார் பருவம். கேரட்டு கெடக்குது, பூசணி கெடக்குது, காளான் இன்னிக்கு வந்தது.”

“பருவம் தப்பினது எதுவும் கலந்துடக் கூடாது.”

“பருவம் தப்பினது நாம ரெண்டு பேருதான் சார். எத்தனை கிலோ போடட்டும்?”

அவருடைய செய்முறை இது. கோழிக் கழுத்து, முதுகெலும்பு, சதையோடு இரண்டு தொடை, கேரட், பூசணி, செலரித் தண்டு, காளான், வெங்காயம் எல்லாம் பெரிய பாத்திரத்தில் போகும். அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே வருகிற நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருப்பார். இந்தக் கட்டம் வரைக்கும் யார் செய்தாலும் இப்படித்தான். இதற்குப் பிறகுதான் வாரியம் வந்தது. முதலில் படியவைத்தல். பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பை ஒரே தகடாக எடுத்தல். பிறகு இரண்டு முட்டையின் வெள்ளையை அடித்து ஊற்றிச் சூடாக்கி, மிச்சமிருக்கும் தூசு துரும்பையெல்லாம் அதில் ஒட்டவைத்து மேலே வரச்செய்து அள்ளி எறிதல். பிறகு பெரிய சல்லடை, டீ வடிகட்டி, வெள்ளைத் துணி, கடைசியாகக் காப்பிக்கான காகித வடிகட்டி. ஒரு கோழியும் ஒரு கூடைக் காயும் தங்கள் வாழ்க்கையைக் கொடுத்து ஒரு டம்ளர் தெளிவாக வெளியே வரும். மெல்லிய தேன் நிறம். அதை ஜன்னலுக்கு நேரே தூக்கி, பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, வரி விளம்பரங்களைச் சத்தமாகப் படிப்பார். படிக்க முடிந்தால் பாஸ். பாஸ் ஆனதைப் படம் எடுத்து உறவினர் குழுவில், ‘இன்றைய பருவகால சூப். கலங்கல்: பூஜ்யம்’ என்று போடுவார். உறவினர்கள் கைகூப்பும் படங்களைப் போடுவார்கள். படத்தில் அது காலி டம்ளர் மாதிரி இருந்ததால் சிலர் இரங்கல் செய்தியென்று நினைத்தார்கள்.

வடிகட்டியில் நின்றதற்கு வாரியத்தில் கசடு என்று பெயர். கசடைக் கண்ட இடத்தில் கொட்டுவதை அவர் எதிர்த்து எத்தனையோ குறிப்புகள் எழுதியவர். ஆகவே வீட்டிலும் முறைப்படி அப்புறப்படுத்தினார். அடுப்படியில் நின்றபடியே, எலும்பிலிருந்து கழன்று விழுந்த கோழிச் சதையையும், வெண்ணெயாய்க் குழைந்த கேரட்டையும், காளானையும், முட்டை வெள்ளையையும் வாட்டிய ரொட்டிமேல் பரப்பி, மிளகும் உப்பும் தூவித் தின்றுவிடுவார். ரொட்டியை வாட்டுவதற்கு அந்தக் கொழுப்புத் தகடு வசதியாக இருந்தது. இதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டால்தானே சாப்பாடு? அது மதியம் தனியாக இருந்தது.

டம்ளரைத் தட்டில் வைத்து, ஸ்ட்ராவைச் சாய்த்துப் போட்டு, மனைவியின் கட்டிலுக்குக் கொண்டுபோவார். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று அவள் முகத்தையே பார்ப்பார்.

“எப்படி?”

அவள் கட்டைவிரலை உயர்த்துவாள்.

“பாஸ்” என்பார். டம்ளரை எடுத்துக்கொண்டு போவார். போகும்போது லேசாக ஏதோ பாட்டை முணுமுணுப்பார். அந்த வீட்டின் சுவர்கள் அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

முதல் வாரம் எடை குறைந்தது. முதல் வாரம் எல்லோருக்கும் குறையும் என்றாள் டாக்டர். இரண்டாவது வாரமும் குறைந்தது.

“என்ன சார் கொடுக்கிறீங்க?”

அவர் சொன்னார். கோழியின் பாகங்களை வரிசையாகச் சொன்னார். கேரட் எந்த மண்ணில் வந்தது, காளானுக்கு ஏன் இது பருவம், எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தது, எல்லாம் சொன்னார். டாக்டர் வாயைத் திறந்தபடி கேட்டாள். “என் வீட்டுலகூட எனக்கு இவ்வளவு பண்ண மாட்டாங்க சார். இதுல எடை குறைய வாய்ப்பே இல்லையே” என்று, தைராய்டுக்கும் வேறு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் சுமாராகப் பேசியிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் முள் ஐம்பத்தொன்றில் வந்து நின்றது. “அடுத்த வாரம் ஐம்பதுக்குக் கீழ வந்தா, அன்னிக்கே அட்மிட் பண்ணிடலாம். கட்டில் சொல்லி வெச்சுடறேன்” என்றாள் டாக்டர். மனைவி வண்டியில் வரும்போது வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தாள். தூக்கமென்று அவர் நினைத்தார். ஆனால் மூடிய இமைக்கு அடியில் கண் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. கசடையும் தொடவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார். சூப்பில் இன்னும் எங்கேயோ கலங்கல் இருக்கிறது. காகித வடிகட்டியை இரண்டாக மடித்தார்.

மனைவியின் தங்கை வந்து இறங்கியது அந்த வாரம்தான். அவள் ஆயுள் காப்பீட்டு முகவர். யாரைப் பார்த்தாலும் முதல் பார்வையிலேயே இன்னும் எத்தனை தவணை தாங்குவார் என்று தெரிந்துகொள்வாள். அக்காவைப் பார்த்ததும் கைப்பையை அப்படியே தரையில் போட்டாள்.

“என்ன அத்தான் இது? ஃபேன் போட்டா அக்கா பறந்துடுவா போல!”

“கம்பி போட்டா எல்லாருக்கும் இளைக்கும்மா. மெடிக்கல் சமாச்சாரம்.”

“பாலிசி நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதுக்காக இவ்ளோ அவசரமா?”

அவர் கோபப்படவில்லை. தரமுள்ளவர்கள் கோபப்படுவதில்லை. போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து, செய்தித்தாள் சோதனையைச் செய்து காட்டிவிட்டு, “குடிச்சிட்டுப் பேசு” என்று கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“இது சூப்பா? கோழி குளிச்சிட்டுப் போன தண்ணி மாதிரி இருக்கு.”

“நாக்கு பழகல உனக்கு. நீங்கள்லாம் சின்ன வயசுலேர்ந்து கலங்கலைக் குடிச்சே வளந்தவங்க.”

“வளந்தோமே அத்தான்!”

கட்டிலிலிருந்து மனைவி கையை ஆட்டினாள். சண்டை வேண்டாம் என்று அர்த்தம். பிறகு தங்கையின் கையிலிருந்த டம்ளரைக் காட்டி, இங்கே கொடு என்றாள். மிச்சத்தை ஸ்ட்ரா போட்டுக் குடித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, கட்டைவிரலை உயர்த்தினாள்.

“பாத்தியா?” என்றார் அவர். “பேஷண்ட்டே பாஸ் போட்டாச்சு.”

தங்கை அக்காவின் கட்டைவிரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அத்தான் அந்தப் பக்கம் போனதும் அக்காவின் காதருகே குனிந்து, “பசிக்குதாடி?” என்றாள்.  அக்கா தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் ஆமாமா இல்லையா என்று தீர்மானிப்பதற்குள் மிக்ஸி ஓடாத அந்த அடுக்களையிலிருந்து எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மிக்ஸி இருந்தது, மேல் அலமாரியில், உறை போட்டு.

நான்காவது வாரம் மூன்று பேரும் போனார்கள். தண்ணி ஆபீசர் ஒரு கண்ணாடி பாட்டிலில் அன்றைய சூப்பை அடைத்து, மூடிக்கு மேல் தாள் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்தும் போட்டு எடுத்துவந்திருந்தார். மாதிரி இல்லாமல் அவர் எந்த விசாரணைக்கும் போனதில்லை.

முள் ஐம்பதுக்கும் கீழே நின்றது. அதிகமில்லை, ஒரு நூல்தான். மனைவி மெஷினிலிருந்து இறங்காமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காலை மட்டும் மெல்ல இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தாள். அது பலிக்கவில்லை.

“சாரிம்மா” என்றாள் டாக்டர். போனை எடுத்தாள்.

“ஒரு நிமிஷம் டாக்டர்” என்று பாட்டிலை மேஜைமேல் வைத்தார் அவர். “சூப்புல குறை இல்ல. நீங்களே சோதிச்சுப் பாருங்க. அப்படியே வெளிச்சத்துக்கு நேரா தூக்குங்க. அந்தப் பக்கம் காலண்டர் தெரியுதா?”

டாக்டர் தூக்கிப் பார்த்தாள். “தெரியுது.”

“தேதி?”

“தேதியும் தெரியுது. சார், இதான் அம்மாவுக்குக் கொடுக்கறீங்களா? இது மட்டும்தானா?”

“நாலு வேளையும்.”

“இதுல கோழி போட்டேன்னு சொன்னீங்களே, அது எங்க?”

“அது வடிகட்டியில நின்னுடும்.”

“கேரட்டு?”

“அதுவும்தான்.”

“காளானு? பூசணி?”

“டாக்டர், அதெல்லாம் கசடு.” ஒரு சின்னப் பெண்ணுக்கு அடிப்படையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற பொறுமை அவர் குரலில் இருந்தது. “நீங்கதானே வடிகட்டச் சொன்னீங்க?”

“அரைச்சு வடிகட்டச் சொன்னேன் சார்!” டாக்டர் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். “இதுல சத்துன்னு ஒண்ணும் இல்ல. வாசனை இருக்கு, அவ்வளவுதான். நாலு வாரமா இவங்க வாசனையிலேயே இருந்திருக்காங்க. சரி, அந்தக் கசடையெல்லாம் என்ன பண்ணுனீங்க?”

“முறைப்படி அப்புறப்படுத்தியாச்சு.”

“எங்க?”

தங்கை கூரையைப் பார்த்தாள். அப்போது யாரும் எதிர்பாராத ஒரு சத்தம் வந்தது. கம்பிக்குப் பின்னாலிருந்து, மூக்கு வழியாக, ஒரு குதிரை செருமுகிற மாதிரி. மனைவி இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலியில் கண்ணீர் வர, சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் படுக்கையிலிருந்து அடுக்களை நேராகத் தெரியும். ரொட்டி வாட்டப்படும் ஒவ்வொரு முறையும் அவள் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் போனைக் கீழே வைத்தாள். “ஒரே ஒரு வாரம் தர்றேன். எல்லாத்தையும் போட்டு அரைங்க. வெண்ணெய் போடுங்க, பால் மாதிரி இல்ல, அது ஒத்துக்கும். மஞ்சக்கரு போடுங்க. பெரிய வடிகட்டி ஒண்ணு போதும். கலங்கலாத்தான் இருக்கணும் சார். காலண்டர் தெரியவே கூடாது.”

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக அடுக்களைக்குப் போய் நின்றார். தங்கை பின்னால் வந்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவளோ ஸ்டூல் போட்டு மேல் அலமாரியிலிருந்து மிக்ஸியை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனாள். காப்பீட்டுக்காரர்களுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

அவர் மனைவியின் கட்டிலருகே போனார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“பசியோட இருந்திருக்கே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? போன்ல தட்டியிருக்கலாம்ல? தினம் தினம் பாஸ் போட்டியே!”

அவள் போனை எடுத்தாள். வெகுநேரம் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

‘இத்தனை வருஷம் நான் செஞ்சதை நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டே சாப்பிட்டீங்க. இப்பதான் நான் குடிக்கிறதை எதிர்ல நின்னு பாத்தீங்க. குறை சொன்னா அந்தப் பக்கம் போயிடுவீங்களோன்னு இருந்துச்சு.’

அவர் அதைப் படித்தார். மேலிருந்து மறுபடி படித்தார். அதில் கலங்கலாக எதுவும் இல்லை. எல்லாம் தெரிந்தது.

“பேப்பர் படிக்கும்போதும் ருசி தெரியும்” என்றார். சொன்ன உடனேயே, இது தேவையில்லை என்று அவருக்கே பட்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் அவள் போர்வையின் ஓரத்தை நீவி நீவி நேராக்கினார். பசியோடு இருக்கிற ஒருத்தி, தன்னைப் பார்க்கிறவருக்காகத் தெளிந்த வெந்நீரைக் குடித்துவிட்டு விரலை உயர்த்தியிருக்கிறாள். எந்தக் குடுவையில் பிடித்து எந்த வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. வாரியத்தில் இதற்குச் சோதனை கிடையாது.

அன்று சாயங்காலம் பூசணியையும் கேரட்டையும் கோழித் தொடையையும் ஸ்டாக்கிலேயே குழைய வேகவைத்தார். நுரையை எடுத்தார், அது மட்டும் பழக்க தோஷம். எல்லாவற்றையும் மிக்ஸியில் கொட்டினார். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். அழுத்தினார். வாழ்நாளில் பிரித்து வைத்ததெல்லாம் ஒன்றோடொன்று சுழன்று கலங்கியது. அவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்ந்ததும் அது வெயில் விழுந்த மண்சுவர் மாதிரி ஒரு நிறத்துக்கு வந்தது. பெரிய சல்லடையில் ஒரே ஒருமுறை வடித்தார். சல்லடையில் கொஞ்சம் நார்தான் நின்றது. அப்புறப்படுத்துவதற்கு ஒன்றுமே இல்லாததைக் கண்டு அவருக்கு ஒருமாதிரியாகத்தான் இருந்தது.

டம்ளரில் ஊற்றியதும், கை தானாக அதை ஜன்னல் பக்கம் தூக்கியது. ஜன்னல் தெரியவில்லை. மரம் தெரியவில்லை. டம்ளருக்குப் பின்னாலிருந்த அவர் விரல்களே தெரியவில்லை.

மனைவி ஸ்ட்ராவை வாயின் ஓரத்தில் வைத்து இழுத்தாள். கெட்டியாக இருந்ததால் கன்னம் குழிந்தது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி இழுத்தாள். அடியில் காற்று உறிஞ்சும் சத்தம் வரும்வரை விடவில்லை. அவர் எதிரில் நின்றபடியே இருந்தார். எப்படி என்று கேட்கவில்லை. அவளும் விரலை உயர்த்தவில்லை. காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள். எடுத்துப் போகச் சொல்கிறாள் என்று அவர் கை நீட்டினார். அவள் விடவில்லை. டம்ளரை லேசாக ஆட்டினாள். இன்னும் வேண்டும்.

அந்த வாரம் முழுக்கக் காய்கறிக்காரம்மாவின் கடையில் என்ன கொட்டிக் கிடந்ததோ அது அவர் வீட்டில் கலங்கியது. மக்காச்சோளம் வந்தது, பட்டாணி வந்தது. ஒருநாள் பீட்ரூட் வந்து தலையணை உறை வரைக்கும் போனது. உறவினர் குழுவில் படம் எதுவும் வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

வாரம் முடிந்து மெஷினில் ஏறியபோது மனைவி முள்ளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அவர்தான் முள்ளைப் பார்த்தார். ஐம்பத்தொன்றைத் தாண்டி நின்றது.

“குழாய் வேண்டாம்” என்றாள் டாக்டர். “இப்படியே போங்க, அடுத்த வாரம் கம்பியை எடுத்துடலாம்.”

தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டாள். தண்ணி ஆபீசர் மட்டும் அசையவில்லை. மெஷினைக் குனிந்து பார்த்தார். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டிய முத்திரைத் தாளைத் தேடினார்.

“இதைக் கடைசியா எப்ப சரிபாத்தீங்க?”

“அத்தான், நல்ல சேதி சொன்னா வாங்கிக்கங்க!” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு. இதை நம்பி வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் வந்து, இல்ல மெஷின் தப்புன்னு சொல்லி இவளைப் படுக்கவெச்சா?” அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. அதை மறைக்க இருமினார். “என் எடை ரிட்டையர் ஆன நாள்லேர்ந்து எழுபத்திரண்டு. நூறு கிராம் ஏறாது, இறங்காது. நான் ஏறி நிக்கறேன். எழுபத்திரண்டு காட்டுச்சுன்னா மெஷின் சரி.”

செருப்பைக் கழற்றினார். பேனா, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். ஏறி நேராக நின்றார். கண்ணாடி இல்லாததால் முள் அவருக்குத் தெரியவில்லை.

“எவ்வளவு?”

“எழுபத்தேழு” என்றாள் டாக்டர்.

“பாத்தீங்களா? அஞ்சு கிலோ தப்பு!” அவர் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப இவ நாற்பத்தாறா?”

டாக்டர் நர்ஸுக்குக் கைகாட்டினாள். நர்ஸ் உள்ளே போய், மெஷினைச் சரிபார்ப்பதற்கென்று வைத்திருந்த பத்துக் கிலோ எடைக்கல்லை எடுத்துவந்து வைத்தாள்.

முள் பத்தில் நின்றது.